தாமதமாக வந்த மாலை

மாலை மரியாதை செய்வதில் நம் தேசத்தாரை மிஞ்சக் கூடியவர்கள் உலகத்தில் இல்லை. ஒருவரைக் கௌரவிப்பதென்று தீர்மானித்து விட்டோமானால், அவருடைய கழுத்து அத்தனை பூவையும் தாங்குமா என்றுகூட யோசிப்பதில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு வந்து சேருவதற்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தலை நரைத்து விடுவதுண்டு. சில சமயம் மாலையை அவருடைய படத்துக்குச் சாத்தும்படி நேர்ந்து விடுவதும் உண்டு.

மணிப்பூரைச் சேர்ந்த ஓயினம் பெம்பெம் தேவியின் விஷயத்தில் மாலை தாமதமாகத்தான் வந்தது. ஆயினும் அவருடைய கழுத்துக்கே வந்து சேர்ந்தது. 2020-ஆம் வருஷம் குடியரசு தினத்தை ஒட்டி வெளியான பத்மஸ்ரீ ஜாபிதாவில் அவர் பெயர் இருந்தது. கால்பந்து ஆடிய ஒரு பெண்மணிக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. வங்காளத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான கோஷ்டோ பால் அதே விருதைப் பெற்றது 1962-ல். ஆணின் கால் உதைத்த பந்தும் பெண்ணின் கால் உதைத்த பந்தும் ஒரே பந்துதான். ஆனால் டில்லி போய்ச் சேர இரண்டாவது பந்துக்கு 58 வருஷம் அதிகமாகப் பிடித்திருக்கிறது!

கால்பந்தைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். தெருவில் போகும்போது யாரோ ஒரு பையன் உதைத்த பந்து நம் முதுகில் வந்து விழுந்ததைத் தவிர, நமக்கும் அந்த ஆட்டத்துக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. ஆனால் பெண் குழந்தைகள் உள்ள வீடுகளோடு நமக்குச் சம்பந்தம் உண்டு. அந்த உரிமையைக் கொண்டே எழுதுகிறோம்.

பெம்பெம் தேவி 1980-ல் இம்பாலில் பிறந்தவர். எட்டு வயதிலேயே பந்தின் மேல் பிரியம் கொண்டு விட்டார். சுற்றுப்புறத்தில் ஆடியவர்களோ பையன்கள். ஆகவே, தம்முடைய பெயரை மறைத்து, ஆண்பிள்ளைப் பெயர் ஒன்றைச் சொல்லிக் கொண்டு அவர்களோடு ஆடினாராம். விராட நகரத்தில் அர்ஜுனன் பெண் வேஷத்தில் பிருஹந்நளையாக இருந்த கதையை நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வருகிறோம். இந்தக் கதை அதற்கு நேர் எதிரானது. இந்தச் சிறுமி ஒளிந்தது சத்துருக்களுக்குப் பயந்து அல்ல. பந்தைத் தொட வேண்டும் என்ற ஆசையினால். இவருக்கே பிற்காலத்தில், 2017-ல், அர்ஜுனன் பெயரால் வழங்கும் விருதை ஸர்க்கார் அளித்தார்கள் என்பது எவ்வளவு பொருத்தம்!

அந்த அர்ஜுனா விருதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கால்பந்துக்காக அதை முதன்முதலில் பெற்ற பெண்மணி சாந்தி மல்லிக். அது நடந்தது 1983-ல். இரண்டாவது பெண்மணி பெம்பெம் தேவி. நடுவில் 34 வருஷம். அந்தக் காலத்தில் பந்து ஆடத் தெரிந்த பெண்ணே நாட்டில் இல்லையா? இருந்தார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை.

அதன் விளைவு என்ன? 1980-ல் கோழிக்கோட்டிலும் 1983-ல் பாங்காக்கிலும் நடந்த ஆசியப் போட்டிகளில் நம் பெண்கள் இரண்டாவது ஸ்தானம் பெற்றார்கள். அதே பாங்காக் நகரில் 1998-ல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் சீனப் பெண்கள் நம் அணியை 16-0 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். பதினைந்து வருஷத்துக்குள் நம் பெண்களுடைய கால்கள் பலம் இழந்து விடவில்லை. மற்ற தேசத்தார் தங்கள் பெண்களுக்கு மைதானமும் பயிற்சியும் அளித்தார்கள். நாமோ நல்ல வார்த்தைகளை அளித்துக் கொண்டிருந்தோம். 2009-ல், நெடுநாள் சர்வதேசப் பந்தயம் எதுவும் ஆடாத காரணத்தால், ஃபிஃபா என்னும் உலகக் கால்பந்துச் சங்கத்தின் தர வரிசையிலிருந்தே நம் பெண்கள் அணியின் பெயர் நீங்கிவிட்டது.

இவ்வளவையும் ஆட்டக்காரியாக இருந்து கண்டவர் பெம்பெம் தேவி. 1995-ல், பதினைந்தாவது வயதில், குவாம் தீவின் அணியை எதிர்த்து அவர் முதன்முதலாக இந்தியாவுக்காக ஆடினார். அவர் ஆடியது நடுக்களத்தில். கோல் போடுகிறவருடைய பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். நடுக்களத்தில் நிற்பவரோ பின்னால் இருப்பவரிடம் பந்தை வாங்கி, முன்னால் இருப்பவரிடம் சேர்ப்பித்து, ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நாள் முழுவதும் நடந்து குடும்பத்தை நடத்துகிற தாய்மார்களுக்கு இந்த உத்தியோகத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் சளைக்கவில்லை. இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். 2001-லும், பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்து 2013-லும், அகில இந்தியக் கால்பந்துச் சங்கம் அவரை அவ்வருஷத்தின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. தெற்காசியப் பெண்கள் கோப்பைப் போட்டி 2010-ல் ஆரம்பமாயிற்று. அந்த வருஷமும், 2012-லும், 2014-லும் இந்தியாவே கோப்பையை வென்றது. 2014-ல் மாலத் தீவின் நியூ ரேடியண்ட் கழகம் அவரை அழைத்துச் சென்றது. 'இந்தியக் கால்பந்தின் துர்க்கை' என்று ஜனங்கள் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். கடைசியாக 2016 பிப்ரவரியில், ஷில்லாங்கில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் பந்தயத்தில் இந்தியா நேபாளத்தை 4-0 என்று வென்று தங்கம் பெற்ற பிறகு, அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது.

ஆட்டம் முடிந்ததும் வீடு போய்ச் சேரவில்லை என்பதுதான் நாம் முக்கியமாகக் கருதும் விஷயம். 2017-ல் பெண்களுக்கென்று தேசிய லீக் போட்டி பிறந்தபோது, மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அணியைப் பயிற்றுவித்து, முதல் கோப்பையை வாங்கித் தந்தார். 2019-ல் அதே கோப்பை தமிழ் நாட்டுக்கும் வந்தது. மதுரையின் சேது கழகத்துப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர்ப் போலீஸ் அணியை வென்றார்கள். 2025 ஜூலையில் நம் தேசத்துப் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, 2026-ஆம் வருஷத்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தர வரிசையில் பெயரே இல்லாமற்போன அணி இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பத்மஸ்ரீயும் அர்ஜுனாவும் உயர்ந்த கௌரவங்களே, சந்தேகமில்லை. ஆனால் அவற்றை அளிக்க வேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். நாம் அளிக்கக் கூடிய கௌரவம் ஒன்று உண்டு. அதற்கு ராஷ்டிரபதியின் கையெழுத்து வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, "அம்மா, மைதானத்துக்குப் போய் வரட்டுமா?" என்று பையன் கேட்டால் நாம் உடனே தலையை ஆட்டி விடுகிறோம். அதே கேள்வியைப் பெண் கேட்டால், வெயிலும், நிறமும், வரப்போகிற மாமியாரும் நம் நினைவுக்கு வந்து விடுகின்றன. அந்த ஒரு நிமிஷ யோசனையை நாம் விட்டுவிட்டால் போதும்.

இம்பாலின் சிறுமி தன் பெயரை மறைத்துக் கொண்டு ஆடினாள். பிறகு தேசம் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிற்று. இனி வரும் சிறுமிகள் முதல் நாளிலிருந்தே தங்கள் சொந்தப் பெயரில் ஆடட்டும்.