வாப்பாவின் ஏடும் புதிய அறிவிப்பும்

பிறை தென்பட்டது என்னும் செய்தி ஊருக்குள் எத்தனை விரைவாகப் பரவும் என்பதை நாம் சிறு வயதில் கண்டிருக்கிறோம். கடற்கரையில் ஒருவர் விரலை நீட்டிக் காட்டுவார். அடுத்த கணமே தெருக்கள் விழித்துக்கொள்ளும். கண்டது மெய்தானா என்று வாதிடுவோரும், கண்டவரினும் மிகுதியாகக் கண்டதாகச் சொல்வோரும் உடனே புறப்பட்டு விடுவார்கள். இன்று அதே விரைவோடு மற்றொரு செய்தியும் பரவுகிறது. எங்கோ கலிபோர்னியாவில் ஒருவர் மேடையேறிப் புதிய கைப்பேசி ஒன்றை உயர்த்திக் காட்டுகிறார். அவர் கை தாழ்வதற்குள் நம் வீட்டு முற்றத்தில் அதைப் பற்றிய வழக்கு தொடங்கி விடுகிறது.

நம் இல்லத்தில் இத்தகைய அறிவிப்புகளுக்கு மூவகை வரவேற்பு உண்டு. கல்லூரியில் பயிலும் பேரன் மகிழ்ந்து குதிப்பான். நம் மச்சான், “இருப்பதைக் கெடுத்து வைப்பதே இவர்களுக்கு வேலை” என்று சினந்து கொள்வார். நாமோ ஒன்றும் பேசாமல் அஞ்சுவோம். பழகிய பொத்தான் இருந்த இடத்தில் இராதோ, பாடுபட்டுக் கற்றதை மீண்டும் முதலிலிருந்து கற்க நேருமோ என்னும் அச்சம் அது. மகிழ்ச்சி, சினம், அச்சம் ஆகிய இம்மூன்றும் நம் முற்றத்துக்கு மட்டும் உரியன அல்ல. உலகெங்கும் இவையே நிகழ்கின்றன.

சில நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம். 2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 என்னும் இயங்குதளத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1995 முதல் திரையின் இடப்பக்க மூலையில் இருந்து வந்த ‘ஸ்டார்ட்’ பொத்தான் அதில் காணப்படவில்லை. ஒரு பொத்தான்தானே என்று எண்ணுவோர், வீட்டு வாசற்படியை ஓர் இரவில் பின்புறம் மாற்றி வைத்தால் என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்கட்டும். எழுந்த முணுமுணுப்பு அடங்கவில்லை. ஓராண்டுக்குள், 2013 அக்டோபர் 17 அன்று வந்த 8.1 பதிப்பில் பொத்தான் தன் மூலைக்கே திரும்பி வந்தது. அங்கே மக்களின் சினம் வென்றது.

மற்றொன்றில் சினம் தோற்றது. 2016 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ அறிமுகம் செய்தது. காதில் பொருத்தும் கருவியின் கம்பியைச் செருகும் வட்டத் துளை அதில் இல்லை. அதை நீக்கியதற்குரிய காரணத்தைத் துணிவு என்னும் ஒரே சொல்லில் அடக்கி மேடையிலேயே கூறினார் அந்நிறுவனத்தின் பில் ஷில்லர். உலகம் நகைத்தது, கேலிச் சித்திரங்கள் பறந்தன. ஆயினும் அந்த ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில் அந்நிறுவனம் விற்ற ஐபோன்களின் எண்ணிக்கை 7 கோடியே 83 இலட்சம். அதுவரை அது காணாத விற்பனை அது. அத்துளையைக் காட்டித் தன் பேசிகளைப் புகழ்ந்துகொண்ட சாம்சங் நிறுவனமும் 2019இல் தன் நோட் 10 பேசியில் அதை நீக்கியது. நகைத்தவர்களிலும் எத்தனையோ பேர் இன்று கம்பியில்லாக் கருவியைக் காதில் அணிந்திருக்கின்றனர்.

இன்னொன்றில் சினம் நியாயமாகவே இருந்தது. பழைய ஐபோன்கள் புதுப்பிப்புக்குப் பின் மெல்ல மெல்ல வேகம் குன்றுகின்றன என்று பயன்படுத்துவோர் நெடுநாள் ஐயுற்று வந்தனர். முதுமையடைந்த மின்கலத்தால் பேசி திடுமென அணைந்து போகாதிருக்கவே மென்பொருள் வேகத்தைக் குறைக்கிறது என்று 2017 டிசம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. செய்த செயலை விட, சொல்லாமல் செய்தது மக்களைப் புண்படுத்தியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலருக்கு மாற்றித் தந்த மின்கலத்தை 29 டாலருக்கு மாற்றித் தந்தது. முணுமுணுப்போர் எல்லாரும் மூடர் அல்லர் என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆக, புதியதை இகழ்ந்தவர் ஒருபோது வென்றனர், ஒருபோது தோற்றனர், ஒருபோது அவர்கள் பக்கமே நீதி இருந்தது. முதல் நாள் எழும் ஆரவாரத்தைக் கொண்டு ஒன்றின் தகுதியை அளக்க இயலாது என்பதே நாம் இவற்றிலிருந்து பெறும் பாடம். இப்பாடத்தை நாம் ஏட்டில் கற்றோம். அனுபவத்தில் கற்றது 2025ஆம் ஆண்டில்தான்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. அதுவே கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் அவ்வாண்டு ஒரு மாநாட்டில் பேசியதைப் பலரும் நம்பினர், நாமும் நம்பினோம். எனினும் 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புக்கென்று தனிச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் உள்ள கணினிகளே அதை ஏற்கும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழங்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்றும் கூறினர். நன்றாக இயங்கும் கணினிகளைக் குப்பைக்கு அனுப்புவது முறையா என்று பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் கேட்டன. தனிமனிதர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புப் பெறலாம் என்னும் சலுகை அதன் பின்னரே வந்தது.

நம் மேசையில் இருந்ததும் பழைய கணினியே. பேரன் அதைத் தட்டிப் பார்த்து, “வாப்பிச்சா, இது புதுசை ஏத்துக்காது. வேற வாங்கிடுவோம். இதுல உள்ளதையெல்லாம் மொதல்ல எடுத்து வச்சுக்கணும்” என்றான். நாம் மச்சானோடு சேர்ந்து இரண்டு நாள் சினந்தோம். மூன்றாம் நாள், எடுத்து வைக்க என்னதான் இருக்கிறது என்று பார்க்க அமர்ந்தோம்.

ஈண்டு ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம் வாப்பா 1940களில், மீசை அரும்பாத வயதில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிக் கொழும்பு சென்றவர்கள். புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவர்கள். அந்த நாட்களைப் பற்றி 2003இல் அவர்கள் சொல்லச் சொல்ல, நாம் ஒரு மாத காலம் மாலைதோறும் கணினியில் தட்டச்சிட்டோம். 2006இல் அவர்கள் மறைந்தார்கள். தட்டச்சிட்ட கணினி 2010இல் பழைய இரும்புக்காரரிடம் சென்றது. கோப்பை மட்டும் படியெடுத்து அடுத்த கணினியில் வைத்தோம். பின்னர் பதினைந்து ஆண்டுகள் அதைத் திறக்கவில்லை. இருக்கிறது என்ற நினைவே நமக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று திறந்தோம். வாப்பா அங்கே இல்லை. ‘கொழும்பு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் பேரெழுத்துகளும் கலந்து நின்றன. நடுவே ஓர் அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக அவ்வாறே. நம் கை நடுங்கியது. வந்த சினமெல்லாம் அந்தப் புதிய அறிவிப்பின் மீது பாய்ந்தது.

பேரன் பொறுமையாக விளக்கினான். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. போர்வை இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ். அதை எடுத்துவிட்டால் உள்ளே ஆங்கிலம். எழுத்துரு பழைய கணினியோடு போயிற்று. அதை எடுத்து வைக்க நாம் எண்ணவில்லை. அதாவது, வாப்பாவின் ஏடு 2025இல் கெடவில்லை. 2010இலேயே கெட்டிருந்தது. கெடுத்தவர் எவரும் அல்லர், நாமே. புதிய அறிவிப்பு செய்ததெல்லாம் நம்மை அக்கோப்பைத் திறக்க வைத்ததுதான். அது வராதிருந்தால், இருக்கிறது என்ற நினைவோடே நாமும் மறைந்திருப்போம்.

இதில் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. எழுத்தின் உருவத்துக்கன்றி எழுத்துக்கே நிலையான எண்ணைத் தரும் யூனிகோடு முறையின் முதற்பதிப்பு 1991இல் வந்தது. தமிழுக்கென அதில் 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி உண்டு. விண்டோஸ் 2000 அந்த முறையில் தமிழைக் காட்டும் வசதியையும் லதா என்னும் எழுத்துருவையும் கொண்டு வந்தது. அந்நாளில் நம் ஊரில் எவரும் அதற்காகக் கை தட்டியதாக நினைவில்லை. மேடையில் உயர்த்திக் காட்டும் பேசிகளை நாம் கொண்டாடுகிறோம் அல்லது இகழ்கிறோம். நம் மொழியைக் காத்து நிற்கும் மாற்றமோ ஓசையின்றி வந்து போகிறது. 2003இல் நம் கைக்கெட்டும் தொலைவில் இருந்த அந்த முறையை, பழகிய எழுத்துருவே போதும் என்று ஒதுக்கியவர்களும் நாமே. புதியதை மறுத்ததற்குரிய விலை அது.

எழுத்து மாறுவது நமக்குப் புதிதும் அன்று. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, தும்பிக்கை வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் அச்சிலிருந்து விடைபெற்றன. “லையின் தும்பிக்கையை வெட்டிவிட்டார்களே!” என்று வாப்பா வருந்தினார்கள், ஆனால் சில மாதங்களில் புதிய வடிவிலேயே செய்தித்தாளைப் படித்து முடித்தார்கள். அம்மாற்றத்தில் எவருடைய பழைய நூலும் படிக்க இயலாததாகி விடவில்லை. ஆனால் நம் வீட்டு அலமாரியில் வேறொரு நூலும் இருக்கிறது. நம் உம்மாவின் உம்மா ஓதி வந்த அரபுத் தமிழ் ஏடு அது. மொழி தமிழ், எழுத்து அரபு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட முறை. அவர்கள் அதைத் தடையின்றி வாசிப்பார்கள். இன்று நம் வீட்டில் அதை வாசிப்பார் ஒருவரும் இல்லை. காகிதம் கெடவில்லை, மையும் மங்கவில்லை. வாசிப்போர் தொடர்ச்சிதான் அறுந்தது. கணினிக் கோப்புக்கு இருபது ஆண்டுகளில் நேர்ந்தது, அவ்வேட்டுக்கு இரண்டு தலைமுறைகளில் நேர்ந்தது. அவ்வளவே வேறுபாடு.

பேரன் ஒரு மாற்றுமென்பொருளைத் தேடிக் கொண்டு வந்தான். பழைய முறையில் கொம்பை முதலிலும் மெய்யைப் பின்னும் தட்டுவோம். யூனிகோடில் மெய் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். இத்தகைய முறைமாற்றங்களை எல்லாம் அது கணப்பொழுதில் செய்தது. திரையில் ‘கொழும்பு’ எழுந்தது. தனுஷ்கோடி எழுந்தது. வாப்பா பேசத் தொடங்கினார்கள். நாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டோம்.

ஓரிடத்தில் மட்டும் பேச்சு தடைப்பட்டது. ஊர் திரும்பக் கப்பற்கூலி இல்லாமல் தவித்த நாளில், கேளாமலே பணம் தந்து அனுப்பிய கொழும்பு அன்பர் ஒருவரைப் பற்றி வாப்பா சொல்லியிருந்தார்கள். அவர் பெயரை மறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அப்பெயர் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நின்றன. கிரந்த எழுத்துகளுக்கு அந்தப் பழைய எழுத்துரு வேறு எண்களைக் கையாண்டிருந்ததால், மாற்றுமென்பொருளுக்கு அவை புரியவில்லை. கட்டங்களை அடுத்து ‘ன் நானா’ என்பது மட்டும் எஞ்சியிருந்தது.

“ஹஸன் நானாவா, ஹுஸைன் நானாவா, வாப்பிச்சா?” என்று கேட்டான் பேரன். நமக்குத் தெரியவில்லை. நம் கையாலே தட்டச்சிட்ட பெயர், நம் நினைவில் இல்லை.

எழுபத்தெட்டு வயதான நம் ராத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினோம். கேள்வி முடியும் முன்பே அவர்கள் சொன்னார்கள்: “ஹுஸைன் நானா. வேற யாரு? வாப்பா ஊருக்கு வந்த மறுவருசம், பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க ஆள் மூலமாப் பணம் அனுப்புனாங்க. அவரு வாங்கிக்கலே. பிள்ளைக்குச் சட்டை எடுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அந்தச் சட்டையத்தான் நீ மூணு பெருநாளைக்குப் போட்டே.”

இச்செய்தி கோப்பில் இல்லை. வாப்பா நம்மிடம் சொன்னதும் இல்லை.

புதிய கணினி வந்துவிட்டது. அடுத்த அறிவிப்பு வரும்போது பேரன் மகிழ்வான், மச்சான் சினப்பார், இருவரிடமும் நியாயம் இருக்கும். நாமோ அன்று முதல் வேலையாகப் பழைய கோப்புகளைத் திறந்து, அவை இன்னும் பேசுகின்றனவா என்று பார்ப்போம். வாப்பாவின் ஏட்டை இப்போது காகிதத்திலும் அச்சிட்டு, ஒரு படியைப் பேரனிடமும் ஒரு படியை ராத்தாவிடமும் கொடுத்திருக்கிறோம். கட்டங்கள் நின்ற இடத்தில் ‘ஹுஸைன்’ என்று பேனாவால் எழுதியவர்கள் ராத்தாதான். வரும் வெள்ளிக்கிழமை நாம் அவர்கள் வீட்டுக்குச் செல்கிறோம். அந்தச் சட்டையைப் போல, எழுதப்படாமல் அவர்களிடம் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ!