பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

எமது இல்லத்துக் கணினி பத்தாண்டுகள் உழைத்தது. இன்னும் உழைக்கும் வலியுடையது. ஆயினும், அதில் இயங்கிய விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் நிறைவுற்றது. விண்டோஸ் 11 வேண்டிநிற்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு அதில் இல்லை. ஆதலின், அதனைக் கழித்துவிடாது, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்திற்கு மாற்றத் துணிந்தோம்.

கருவி பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். எம் தந்தையாரின் நிழற்படங்களும் அன்னையாரின் கடிதங்களும் எக்கடையிற் கிடைக்கும்? புதிய தளத்தை நிறுவுங்கால் வன்தட்டில் உள்ளவை யாவும் அழிந்துபடக் கூடும். எனவே, முதற்கண் அவற்றை இரு வேறு புறத்தட்டுகளிற் படியெடுத்து, மற்றொரு கணினியில் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தோம். திறந்து பாராத படியை நம்புதல் தகாது.

பின்னர், எதனையும் நிறுவாமலே புதிய தளத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கினோம். ஒலி, அச்சுப்பொறி, இணையத் தொடர்பு ஆகியன செவ்வனே அமைதல் கண்ட பின்னரே வன்தட்டில் நிறுவினோம். இன்று எம் பேரப்பிள்ளைகள் அக்கணினியிலேயே பாடம் பயில்கின்றனர்.

கல்லூரியின் இளந் தம்பியர் இதனை மனங்கொள்வாராக: மாற்றத்திற்கு அஞ்சவேண்டுவதில்லை, மீண்டும் பெறலாகாதவற்றை முன்னரே காத்துக்கொள்ளல் வேண்டும்.