பிரஷ் கட்டரும் மதமதக்கும் விரலும்

எங்க ஊர்ல தென்னந்தோப்புக்குப் புல்லு வெட்ட இப்போ அருவாளோட யாரும் வர்றதில்லை. பிரஷ் கட்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒருத்தர் வர்றார். முன்னே நாலஞ்சு பேர் செஞ்ச வேலையை ஒரே ஆளா முடிச்சிடறார். நமக்கு லாபம்தான். ஆனா அந்த ஒரு ஆளோட கை என்ன ஆகுதுன்னு யாரும் யோசிக்கறதில்லை.

எங்க தோப்புக்கு வழக்கமா வர்ற தம்பி ஏழு வருசமா இதே வேலை பண்றார். மழை முடிஞ்சதும் மூணு மாசம் ஒரு நாளும் ஓய்வு கிடையாது. போன மார்கழியில டீ டம்ளரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டிருந்தார். என்னன்னு கேட்டேன்.

"விரலு மதமதன்னு இருக்குதுங்ணா. ராத்திரி ஊசி குத்தற மாதிரி இருந்து தூக்கம் போயிருது. சட்டைப் பொத்தான் போடக்கூட ஊட்ல கூப்பிட வேண்டியிருக்குது."

வெறும் அசதின்னு நெனச்சு தைலம் தேச்சுக்கிட்டு இருந்திருக்கார். அது அசதி இல்லை. அதிர்ற மெஷினை நாள் முழுக்க, வருசக்கணக்குல புடிச்சா விரல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். குளிர்ல விரல் நுனி வெளுத்துரும். அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துக் கல் வேலைக்காரங்க கையில இந்த வெளுப்பை 1918-லயே ஆலிஸ் ஹாமில்டன்ங்கற பெண் டாக்டர் ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. ஆரம்பத்துலயே நிறுத்திக் கவனிச்சா குறைய வாய்ப்பு உண்டு. முத்திட்டா போன உணர்ச்சி முழுசாத் திரும்பாது. அதனால முதல்ல டாக்டரைப் பாருன்னு அனுப்பி வச்சேன்.

அப்புறம் மெஷினைப் பார்த்தோம். பிளேடு ஒரு பக்கம் கல்லுல பட்டு உடைஞ்சிருந்தது. கைப்பிடிக்கு அடியில இருக்கற ரப்பர் தேஞ்சிருந்தது. ரெண்டும் அதிர்வைக் கூட்டும். மாத்தினோம். நைலான் ஒயர் போட்டாலும் ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இருக்கணும். கைப்பிடியை இறுக்கிப் புடிச்சா அதிர்வு இன்னும் அதிகமாக் கைக்குள்ள ஏறும். மெஷின் பாரத்தைத் தோள் வாரு தாங்கணும், கை திசை காட்டினாப் போதும். சாதாரண கையுறை அதிர்வைப் பெருசாத் தடுக்காது. ஆனா விரல் சூடா இருக்க உதவும். பீடி ரத்தக்குழாயைச் சுருக்கறதால அதையும் விடச் சொன்னேன். அது மட்டும் இன்னும் நடக்கலை.

எல்லாத்தையும் விட முக்கியம் நேரம்தான். ஐரோப்பாவுல 2002-ல வந்த விதிப்படி, அதிர்வு ரெண்டு மடங்கானா புடிக்கற நேரம் நாலுல ஒரு பங்காக் குறையணும். நம்ம ஊர்லயோ ஏக்கருக்கு இவ்வளவுன்னு கூலி பேசறோம். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாத்தான் அவருக்குக் கட்டும். அப்புறம் எப்படி நிறுத்தி நிறுத்தி வெட்டுவார்?

இப்போ எங்க தோப்பு வேலையை ரெண்டு நாளாப் பிரிச்சிட்டோம். வெயில் ஏறினதும் ஆரம்பம். அரை மணி நேரம் வெட்டினா, அடுத்த அரை மணி மெஷினை வச்சிட்டு மட்டை பொறுக்குவார். அதுக்கும் சேர்த்துத்தான் கூலி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "கூலியை ஏத்தி விடறீங்க"ன்னு சடைச்சுக்கறார்.

தம்பிக்கு ராத்திரி குத்தல் குறைஞ்சிருக்கு. ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கு. புல்லு ஒரு நாள் கூட நின்னா தென்னைக்கு ஒண்ணும் ஆகிடாதுங்க. அடுத்த தடவை ஆள் கூப்பிடறப்போ கூலியோட இதையும் சேர்த்துப் பேசிடுங்க.