பிறந்த தேதியும் பந்தாட்டக் களமும்

1974-ஆம் ஆண்டு பாங்காக் நகரில் ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் ஈரான், மறுபுறம் நமது இந்திய இளைஞர்கள். இரு தரப்பாரும் இரண்டிரண்டு கோல்கள் போட்டு ஆட்டம் சமனில் முடியவே, இரு நாடுகளும் கூட்டாகப் பட்டத்திற்கு உரியவை என அறிவிக்கப்பட்டன. நம் அணிக்குப் பயிற்சியளித்தவர் அருண் கோஷ். தலைமை தாங்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஷப்பீர் அலி. அப்போது அவருக்கு வயது 18. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இந்தியா அப்பட்டத்தை மறுமுறை வென்றதில்லை.

இளைஞனை அரபியர் 'ஷாப்பு' என்பர். அச்சொல்லின் வேர் தீ மூண்டெழுவதையும் குறிக்கும். மூண்டெழும் பருவமே இளமை என்று அம்மொழி கருதியது போலும். (ஷப்பீர் என்னும் பெயர் அவ்வேரிலிருந்து பிறந்ததன்று, அது இமாம் ஹுசைன் (ரலி) அவர்களுக்கு வழங்கும் வேறொரு திருப்பெயர். ஓசை ஒன்றியதால் சொன்னேன். இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க.)

இப்போட்டிக்கும் நம் கீழத்தஞ்சை மக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆசியக் கண்டத்து இளைஞர்களுக்கென இப்படியொரு போட்டி தோன்றியதில் பெரும்பங்கு வகித்தவர் மலாயாவின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள். 1958 முதல் 1977 வரை ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கியவர் அவர். முதற்போட்டி 1959-இல் கோலாலம்பூரில் நடந்தது, தென்கொரியா வென்றது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர், ராஜகிரி என நம் ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்ற சபுராளிகள் மலாயாவில் கடை வைத்திருந்த காலம் அது. கோலாலம்பூரில் வணிகம் செய்த என் பெரியத்தா ஊர் திரும்பும்போதெல்லாம் துணிமணி, அத்தர், பிஸ்கட் டின் இவற்றோடு பந்தாட்டக் கதைகளையும் கொண்டு வருவார். பெட்டியில் வந்தவை தீர்ந்துவிடும்; கதைகள் மட்டும் அடுத்த சபுர் வரைக்கும் தாங்கும்.

இளைஞர் போட்டி என்பது ஏனைய போட்டிகளைப் போன்றதன்று. அங்கே களத்தில் இறங்கும் உரிமையைத் தருவது திறமை மட்டுமல்ல; பிறந்த தேதியும் ஆகும். இன்று 20 வயதுக்கு உட்பட்டோருக்கு ஓர் ஆசியக் கோப்பையும், 17 வயதுக்கு உட்பட்டோருக்கு மற்றொன்றும் நடைபெறுகின்றன. இளையோருக்கான இப்போட்டி 1985-இல் கத்தார் நாட்டில் 16 வயது வரம்போடு தொடங்கியது. ஆக, ஒரு தேதி சரியாக இருந்தால்தான் ஆட்டமே ஆட்டமாகும்.

வயதுக்கு வரம்பு கட்டுவது நமக்குப் புதிதன்று. தமிழில் பாட்டியல் நூலார் ஆண்மகனின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என வகுத்தனர். நமது ஃபிக்ஹு நூல்களோ இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றன. பருவமடைந்ததற்கான அடையாளம் எதுவும் தோன்றாவிடில், பிறை ஆண்டுக் கணக்கில் 15 நிறைவுற்றவன் பாலிகு ஆவான் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. ஆண் பிள்ளைக்கு 18 என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் 15 என்றே கொண்டனர். பிறை ஆண்டு 15 என்பது ஆங்கிலக் கணக்கில் 14 ஆண்டுகளும் ஏறத்தாழ ஆறரை மாதங்களும்தான். இந்த ஐந்தரை மாத வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்குவதற்குள் கரும்பலகை நிறைந்துவிடும்.

பதினைந்து என்ற கணக்கிற்கு ஆதாரமாக அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஹதீஸ் இப்னு உமர் (ரலி) அவர்களுடையது. உஹதுப் போரின்போது 14 வயதினராக அண்ணலார் (ஸல்) அவர்கள் முன் நிறுத்தப்பட்டார், அனுமதி கிடைக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15, அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் இதைச் செவியுற்ற கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் இடையிலான எல்லை இதுவே எனக் கண்டு, 15 அடைந்தோருக்கு உதவித்தொகை வகுக்கும்படி தம் ஆளுநர்களுக்கு எழுதினார்கள்.

அதே உஹதில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) என்னும் சிறுவர், உயரமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் கால்விரல்களை ஊன்றி எழும்பி நின்றாராம். அவர் நன்கு அம்பெய்வார் என்று எடுத்துச் சொல்லப்பட்டபோது அனுமதி கிடைத்தது. அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) என்னும் மற்றொரு சிறுவர், "ராஃபிஉவை நான் மல்யுத்தத்தில் வீழ்த்துவேனே!" என்று முறையிட்டார். இருவரையும் மற்போர் புரியச் செய்தார்கள். ஸமுரா சொன்னபடியே வீழ்த்தினார். அவருக்கும் இடம் கிடைத்தது. இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முகத்தில் ஒரு களிப்பு தோன்றும். அவ்விரு சிறுவரும் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ளத் துடித்தனர். ஆனால் வயதைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. திறமையை முன்வைத்து வழக்காடினர். இன்றோ பிள்ளைகளைக் கூனிக் குறுகி நிற்கச் சொல்கிறோம்.

நம் பக்கத்தில் பிறந்த தேதி என்பது நெடுங்காலம் தலைமையாசிரியரின் கொடையாக இருந்தது. பிள்ளையை அழைத்துச் சென்றால், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயது ஐந்து. உடனே ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதி விழும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் புதுப்புனல் வரும் மாதத்தில்தான் தஞ்சைத் தரணியின் பிள்ளைகளில் பாதிப்பேர் பிறந்தார்களோ என்று பதிவேட்டைப் பார்ப்பவர் ஐயுறுவர். என் சான்றிதழிலும் ஜூன்தான். என் தாயாரோ முகைதீன் ஆண்டவர் மாதம் பிறை ஒன்பது என்று சாதிப்பார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அது எங்கள் தெருக்களுக்கு நடந்து வரச் சில காலம் பிடித்தது.

சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே ஈர வயலில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவதால், அறுத்த வயலில் பிள்ளைகள் பந்துடன் இறங்க முடியாது. இறங்கினால் வயற்காரர் வசைமாரி பொழிவார். தண்ணீர் வற்றிய ஆற்று மணல்தான் அவர்களது மைதானம். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை பஞ்சு மெத்தை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வெண்ணாற்று மணலில் ஆடிய ஒரு பிள்ளையின் தகப்பனார் என்னிடம் வந்தார். 15 வயதுக்கு உட்பட்டோருக்கான தேர்வு நடக்கவிருந்தது. பையனுக்கு 16 முடிந்திருந்தது.

"ஹஜ்ரத், மதரஸா முத்திரை போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு வருஷம் குறைத்து எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? பையன் ஆளும் சின்னவன்தானே!"

"நஷ்டப்படுகிறவன் நம் தெருவிலேயே இருக்கிறான், தம்பி" என்றேன். உண்மையிலேயே 14 வயதான ஒரு பிள்ளை, அதே மணலில், அதே இடத்திற்காக ஆடிக்கொண்டிருந்தான். அவன் தந்தை சபுரில் இருந்தார். அவனுக்காகப் பேச வந்தவர் எவருமில்லை.

வந்தவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "எல்லா ஊரிலும் நடப்பதுதானே?" என்றார். அவர் கூறியது பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் 'ஷஹாததுஸ் ஸூர்' எனப்படும் பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களோடு சேர்த்து எண்ணப்படுவது. எழுதுகிறவன் கைக்கும் அது பொருந்தும். கடிதம் தரவில்லை. ஸலாம் கூறாமலே எழுந்து போனார். வேறெங்கோ ஒரு தாள் கிடைத்தது. பையன் தேர்வுக்குச் சென்றான், எடுபடவில்லை. ஆனால் அந்தத் தேதி அவனை விடவில்லை. பிற்பாடு வளைகுடா செல்லக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது, இருவேறு தாள்களில் இருவேறு வயது நின்றது. அதைச் சீராக்க ஓராண்டு அலைந்தான். அப்பிள்ளை எந்தத் தாளிலும் தானாக ஒரு வரி எழுதியவனல்லன் என்பதே என் மனத்தை இன்றும் அறுப்பது.

உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில், மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சிக்கென ஒரு குருத்துத் தகடு உண்டு. அது முழுவதும் இணைந்துவிட்டிருந்தால் ஆட்டக்காரன் பெரும்பாலும் 17-ஐக் கடந்தவன். ஆசியக் கூட்டமைப்பும் இளையோர் போட்டியில் இச்சோதனையைக் கைக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 20 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்கு அந்த எலும்பு துணைவராது. பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் வேறுபாடு காட்ட மணிக்கட்டில் சாட்சியில்லை. அங்கே தாளும், தாளை எழுதியவரின் ஈமானும்தான் மிச்சம்.

தாளிலுள்ள ஓர் இடத்தின் மதிப்பை அறிய 2018-ஐ நினைத்தால் போதும். மலேசியாவில் நடந்த 16 வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டியில் நம் பிள்ளைகள் வியத்நாமை வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் சமன் செய்து, கால் இறுதிக்கு வந்தனர். அதில் தென்கொரியாவை வென்றிருந்தால் உலகக் கோப்பைக்குத் தகுதி. ஒரே ஒரு கோலில் தோற்றனர். அத்தகைய அணியில் ஓர் இடம் என்பது ஒரு குடும்பத்தின் கனவு. அதை இன்னொரு வீட்டுப் பொய் பறிக்குமானால், பறிகொடுத்தவன் யாரிடம் முறையிடுவான்?

எங்கள் மதரஸாவில் ஷவ்வால் மாதத்தில் சேர்க்கை நடக்கும். இப்போது ஆங்கிலத் தேதி, பிறைத் தேதி இரண்டையும் தாயாரிடம் கேட்டே எழுதுகிறேன். சென்ற முறை ஒரு தாயார், "கஜா புயலுக்கு மூன்றாம் நாள், ஹஜ்ரத். கரண்ட் இல்லை; அரிக்கேன் வெளிச்சத்தில் பிறந்தான்" என்றார். பிறப்புச் சான்றும் 2018 நவம்பர் 18 என்றே சொன்னது. ரபீயுல் அவ்வல் பிறை 9 என்று எழுதப் போனவன் நிறுத்தி, "மஃரிபுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டேன். "பாங்கு சொல்லி வெகு நேரம் ஆகியிருந்தது" என்றார். பிறை 10 என்று எழுதினேன்.