முகத்துவாரம் அடைபட்ட கணினி

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பு கடலோடு கலப்பதற்கு வாய்த்த வழிகளோ இரண்டே. வடக்கே பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரம் ஒன்று. தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் உள்ளது மற்றொன்று. வேனிற் காலத்தில் அலைகள் மணலை வாரிவந்து இவ்வாய்களை அடைத்துவிடும். மாரி பிறந்து படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறியதும், முகத்துவாரத்தை வெட்ட வேண்டும் என்ற குரல் எழும். உடனே வெட்டுக என்பர் வயற்காரர். சற்றுப் பொறுங்கள், உள்ளே இருக்கும் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பர் வலைஞர்.

எமது தந்தையார் நாற்பது ஆண்டுகள் இவ்வாவியில் தோணி வலித்து வாழ்ந்தவர். இவ்வழக்கைப் பற்றிக் கேட்டால், "வெட்டத்தான் வேணும் மனே, ஆனா வெட்டுறதுக்கு முந்தி உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பார்" என்பார். அம்மொழியின் முழுப் பொருளும் 2025ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாளொன்றிலேதான் எமக்கு விளங்கிற்று. விளக்கியதோ ஒரு பழைய மடிக்கணினி!

தந்தையார் மறைவதற்கு முந்திய ஆண்டில், பதினொரு மாலைப்பொழுதுகள் அவரைப் பேசவைத்துக் குரலைப் பதிவு செய்திருந்தோம். எக்காற்றுக்கு எம்மீன் எங்கே கூடும், திரளிக்கு எவ்வலை, நிலாக் காலத்தில் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் காதை வைத்து மீன்பாட்டைக் கேட்பது எவ்வாறு என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. அவ்வளவும் அந்த ஒரு கணினியிலேயே இருந்தன. பிரதி எடுக்க வேண்டும் என்று எண்ணிய நாட்கள் பல. எடுத்த நாள் ஒன்றேனும் இல்லை.

அக்கணினியில் இயங்குவது லினக்ஸ். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த கேர்னல் என்னும் கருனியை நடுவாகக் கொண்ட பணிசெயல் முறைமை அது. அதன் பல வகைகளுள் 1993இல் தோன்றிய டெபியன் ஒன்று. உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூடி ஆக்கும் அதற்கு விலை கிடையாது. 2019இல் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த எமது மருமகப்பிள்ளை ஒருவர் டெபியன் 10ஐ நிறுவி, வன்றட்டு முழுவதையும் கடவுச்சொல்லாற் பூட்டித் தந்தார். பின்னர் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் மாறினோம். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளியாயிற்று. இருமுறை கண்ட பழக்கத்தால் உண்டான துணிவோடு, ஒருவரையும் உசாவாமல் நாமே அதற்கு மாறத் தலைப்பட்டோம்.

திரையில் எழுத்துகள் ஆறாய் ஓடின. அவற்றின் நடுவே, சாதனத்தில் இடம் எஞ்சவில்லை என்ற பொருள்படும் ஆங்கில வரியொன்றும் ஓடிற்று. அதனைக் கண்டோம் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயிரம் வரிகளுள் ஒரு வரி என்ன செய்துவிடும் என்று கருதிக் கணினியை மீளத் தொடக்கினோம். கருந்திரையிற் சில வெள்ளை வரிகள் தோன்றி அப்படியே நின்றுவிட்டன. கருனி தன் வேர்க்கோப்பு முறைமையைக் காணாது திகைத்துவிட்டது என்பதே அவற்றின் சாரம். 'கேர்னல் பேனிக்' என்று இதற்குப் பெயராம். பெயர் கருனிக்கு, பேதலிப்பு எமக்கு.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த இல்லாள் ஒரே கேள்வி கேட்டார்: "மாமாவின் குரல்?"

எமக்கு விடை எழவில்லை. பழுதுபார்க்கும் நிலையமொன்றைத் தொலைபேசியில் அழைத்தோம். "முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தரலாம், நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். கொண்டுபோகவே எண்ணினோம். அவ்வேளையில், உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மூத்த மகள், தனியார் வகுப்பு முடிந்து மழையில் நனைந்தபடி வீடு வந்தாள்.

"அப்பா, ஒன்றையும் அழிக்க விடாதேயுங்கள். அப்பப்பாவின் குரல் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். வாசல்தான் அடைபட்டிருக்கிறது" என்றாள்.

அவள் விளக்கியதை எமக்கு விளங்கிய அளவிற் கூறுகின்றோம். பூட்டப்பட்ட வன்றட்டைத் திறப்பதற்கு முன்பே வாசித்தற்குரிய சில கோப்புகள் உள. அவை பூட்டுக்கு வெளியே, தொடக்கப் பிரிவு என்னும் சிற்றிடத்தில் வைக்கப்படும். அங்கே கருனியும், அதற்குத் துணையாக இனிட்ராம்எப்எஸ் என்ற பொதியும் இருக்கும். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பூட்டைத் திறக்கும் கருவி அப்பொதியிலேதான் உண்டு. எமது கணினியில் இச்சிற்றிடம் 256 மெகாபைற்றுக்கும் குறைவு. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் புதிய கருனி வந்ததேயன்றிப் பழையதை நாம் அகற்றியதில்லை. அவ்வாறு மூன்று பழைய கருனிகள் மணல்போற் படிந்திருக்க, நான்காவது வந்து நுழைந்தது. அதன் துணைப்பொதியை எழுதி முடிக்க இடம் போதவில்லை. திறவுகோல் இல்லாக் காவலன் கதவடியில் நின்ற கதைதான் நாம் கருந்திரையிற் கண்டது.

மகள் கணினியை மீளத் தொடக்கி, கிரப் என்னும் தொடக்கப் பட்டியலிலே மேலதிகத் தெரிவுகளைத் திறந்தாள். பழைய கருனிகளின் பெயர்கள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்ததும், கடவுச்சொல்லைக் கேட்கும் பழகிய கட்டம் தோன்றிற்று. இல்லாளின் முகத்தைப் பார்த்தோம்; அவர் திரையையே பார்த்திருந்தார்.

திறந்தவுடன் பழுதைத் திருத்தவே எம் கை பரபரத்தது. மகள் தடுத்தாள். முதலில் அப்பதினொரு பதிவுகளையும் ஒரு பென் டிரைவிலும், புறத்தே இணைக்கும் வன்றட்டொன்றிலும் பிரதி செய்தாள். அதன் பின்னரே திருத்தம் தொடங்கிற்று.

தொடக்கப் பிரிவின் இருப்பைக் காட்டும் கட்டளையை இட்டபோது நூற்றுக்கு நூறும் நிரம்பியிருந்தது. அடுத்து, அவ்வேளையில் இயங்கிக்கொண்டிருந்த கருனி எதுவெனக் கேட்டறிந்து தாளிற் குறித்துக்கொண்டாள். "நாம் இருக்கும் கொப்பை நாமே தறிக்கக் கூடாது அல்லவா?" என்றாள். அரைகுறையாய் எழுதப்பட்ட துணைப்பொதியை அகற்றி, குறித்துவைத்த கருனியை விடுத்து மற்றைய இரு பழைய கருனிகளையும் முறைப்படி நீக்கினாள். இடையில் அறுந்த நிறுவல் வேலையை முடிக்கும் கட்டளையை இட்டு, துணைப்பொதியைப் புதிதாக ஆக்கி, தொடக்கப் பட்டியலையும் புதுப்பித்தாள். வன்றட்டைப் பிரித்து உள்ளேயுள்ள கோப்புகளைத் தொட வேண்டிய தேவையே நேரவில்லை. இரவு பத்து மணியளவில் கணினி புதிய கருனியோடு எழுந்தது.

அன்றிரவு மழை ஓய்ந்திருந்தது. மூவரும் அமர்ந்து மூன்றாம் மாலையின் பதிவைக் கேட்டோம். முகத்துவாரம் வெட்டும் கதையை அவர் தம் வழக்கமான இருமலோடு சொல்லிக்கொண்டு போனார். கதை முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்புகளை எடுத்துப் படித்தோம். தொடக்கப் பிரிவு குறைந்தது 768 மெகாபைற்று இருத்தல் வேண்டும் என்றும், அதில் ஏறத்தாழ 300 மெகாபைற்று வெறுமையாய் இருத்தல் வேண்டும் என்றும், டெபியன் 10 அல்லது அதற்கு முந்தியதைக் கொண்டு நிறுவிய கணினிகள் இடர்ப்படக்கூடும் என்றும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. எமது கணினியைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது! விலையின்றித் தந்தவர்கள் எச்சரிக்கையையும் விலையின்றியே தந்திருக்கின்றனர். படிக்காதவர் நாமே.

மார்கழி விடுமுறையில் மகள் வன்றட்டு முழுவதையும் அழித்து, தொடக்கப் பிரிவுக்கு வேண்டிய அளவு இடம் ஒதுக்கிப் புதிதாக நிறுவினாள். ஆராய்ந்து பார்த்தால், நிலையத்தார் சொன்ன அதே செயலைத்தான் இறுதியில் நாமும் செய்தோம். வேறுபாடு முன்பின்னிலேதான். ஐப்பசியிற் செய்திருந்தால் தந்தையாரின் குரல் கடலோடு போயிருக்கும். மார்கழியிற் செய்தபோது ஒன்றும் போகவில்லை. முகத்துவாரத்தை வெட்டுவது தவறென்று தந்தையாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

இதைப் படிக்கும் குடும்பத்தார் இல்லங்களிலும் ஒரு பழைய கணினியோ கைத்தொலைபேசியோ இருக்கும். அதனுள்ளே ஒரு பாட்டியின் தாலாட்டோ, பிள்ளையின் முதற் சொல்லோ இருக்கும். இன்று மாலைக்குள் அதற்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எடுக்கத் தெரியாவிடின் வீட்டிலுள்ள மாணவரைக் கேளுங்கள். நாமும் அவ்வாறு கேட்கப் பழகிக்கொண்டோம்.