மின்னலைப் பற்றிய கை

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில் மகள் இல்லத்தில் தங்கியிருந்தோம். அங்கே பழம்பொருட் கடை ஒன்றில், சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு வில்லை ஒன்று நம் கண்ணில் பட்டது. மூடிய கை ஒன்று மின்னற் கீற்றுகளைப் பற்றியிருந்தது. "மின்தொழிற் சங்கத்தின் சின்னம், 1891ஆம் ஆண்டுக்குரியது" என்றார் கடைக்காரர். விலையும் அப்பழமைக்கு ஏற்பவே இருந்தது.

மின்னலைக் கண்டவுடன் இன்ன சங்கம் என்று துணிதல் ஆகாது. 1899இல் டெக்சாஸ் மாநிலத்து டென்டன் நகரில் ‘ஜோவ் மைந்தர்’ என்றொரு தோழமைக் கழகம் எழுந்தது. ஜோவ் என்பவன் உரோமரின் இடிக்கடவுள். நம் இந்திரனை ஒத்தவன். மின்துறை வணிகரும் பொறியாளரும் கூடிய அக்கழகத்தின் தலைவருக்கு ‘ஜூபிடர்’ என்றே பட்டம்.

மின்னலைப் பற்றிய கையோ உழைப்பாளர்க்குரியது. 1891 நவம்பரில் அதே செயின்ட் லூயிஸில் 10 பேராளர் கூடி மின்தொழிலாளர் சகோதரத்துவச் சங்கத்தை நிறுவினர், அச்சின்னத்தையும் ஏற்றனர். ஹென்றி மில்லர் முதல் தலைவரானார். தொடக்கத்தில் அது ‘தேசிய’ச் சங்கம், ஆதலின் பெயரின் முதலெழுத்து ‘என்’. கனடா நாட்டாரும் சேர்க்கப்பெற்று 1899இல் ‘சர்வதேச’ச் சங்கம் ஆனபின் அவ்வெழுத்து ‘ஐ’ ஆயிற்று.

நாம் கண்ட வில்லையில் இருந்தது ‘ஐ’. எழுத்தைச் சுட்டிக் காட்டினோம். கடைக்காரர் நகைத்து விலையைக் குறைத்தார். வென்றுவிட்ட களிப்புடன் வீடு திரும்பினோம்.

அக்களிப்பு நெடிது நிற்கவில்லை. கம்பமேறும் தொழிலாளருள் சில ஊர்களில் இருவருக்கு ஒருவர் பணியிலேயே மாண்டனர் என்று அச்சங்கத்தின் வரலாற்றில் படித்தோம். அவர்களுக்குக் காப்பீடு தரவும் நிறுவனங்கள் தயங்கிய காலம் அது. மில்லரே 1896இல் வாஷிங்டனில் பணியின்போது மின்சாரம் தாக்கிக் கம்பத்திலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தார். வில்லையைத் திருப்பிப் பார்த்தோம். நாளும் அணிந்ததனால் அதன் ஊசி தேய்ந்திருந்தது. யாருடைய மார்பில் இருந்ததோ! எட்டாண்டுப் பழமைக்காகப் பேரம் பேசியதை எண்ணி நாணினோம்.

ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் கண்ட நமக்கு இது புரியாததன்று. இழவு வீட்டில் தோள் கொடுக்க நால்வர் வேண்டும் என்ற கவலையும் சங்கங்களை ஈன்றிருக்கிறது. பழஞ்சின்னத்தின் காலத்தை எழுத்து காட்டும். அதன் மதிப்பை, அதை அணிந்தவர் வாழ்வே காட்டும்.