193-ம் 96.5-ம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

டர்போ சி++ நீலத் திரை நினைவிருக்கிறதா? கிளியர்ஸ்கிரீனில் தொடங்கி கெட்ச்-இல் முடிப்போம். நடுவில் கணக்கும் சி-அவுட்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் பின்னிக்கிடக்கும். அப்படித்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நெய்வேலி நகரியத்தில் வேலை பார்த்த நாளில் கட்-ஆஃப் போடுவதற்கு ஒரு புரோகிராம் வைத்திருந்தேன். கணிதத்தில் பாதி, இயற்பியல், வேதியியலில் கால் கால். 2019-இல் 1200 மார்க் போய் 600 வந்த முதல் பிளஸ் டூ. கணிதம் முழுசாக, மற்ற இரண்டிலும் பாதிப் பாதி என்று சூத்திரம் மாறியது. திரைக்குப் போகும் வரியில் மாற்றினேன். பிரிண்ட் எடுக்கும் கோப்புக்குப் போகும் வரியில் அதே சூத்திரம் இன்னொரு முறை எழுதியிருந்ததை மறந்துவிட்டேன். திரையில் பார்த்தேன், சரியாக இருந்தது. தாள்களை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மற்ற பிள்ளைகள் மறுநாளே சிரித்துக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவன் வரவில்லை. கணிதம் 98, இயற்பியல் 94, வேதியியல் 96. கட்-ஆஃப் 193. என் தாள் சொன்னது 96.5. அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வாத்தியார் கொடுத்த தாளில் தப்பு இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பொறியியலுக்கு விண்ணப்பமே போடவில்லை. நான்கு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்து, “என்னடா, பதிவு பண்ணிட்டியா?” என்று கேட்டதால் தப்பித்தோம். தப்பித்தது அவன் மட்டுமில்லை. இதையும் படித்துக்கொண்டிருப்பான். பெயர் சொல்லமாட்டேன்.

இப்போது ஓய்வுபெற்று நெல்லிக்குப்பத்தில் இருக்கிறேன். தங்கையின் பேத்தி பிளஸ் டூ. கணினி அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே செயற்கூறு. இடைமுகம் வேறு, உள்ளே நடக்கிற வேலை வேறு என்று விளக்க, ஆக்சிலரேட்டரை மிதிப்பவருக்கு எஞ்சின் தெரிய வேண்டியதில்லை என்று கார் உதாரணம் வரும். லெட் ரெக் என்று எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஓகாமல் மொழி. குழந்தை முகத்தைச் சுளித்தாள். “தாத்தா, இதுல ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலியே. எதுக்கு இது?”

நியாயமான கேள்வி. இருவரும் ஓகாமலை இறக்கி உட்கார்ந்தோம். கட்-ஆஃபுக்கு ஒரு ஃபங்ஷன். மூன்று எண் வாங்கும், ஒரு எண் தரும், திரையைத் தொடாது. அதற்குத் தனிக் கோப்பு.

அப்புறம் விண்டோ. ஒருகாலத்தில் ஓகாமலுடன் கூடவே வந்த கிராஃபிக்ஸ் நூலகம் 2019-இல், 4.09 பதிப்பில், தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. தேடிப்பிடித்துப் போட்டோம். என் பழைய லினக்ஸ் பெட்டியிலும் கண் இமைக்கும் நேரத்தில் விண்டோ திறந்தது. எண்கள் அழகாக வந்தன. “இயற்பியல்” என்ற இடத்தில் மட்டும் ஏதோ கிறுக்கல்! அந்த நூலகத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது. ஜிடிகே வழியாகப் போனால் தமிழ் வரும், ஆனால் அதை நிறுவுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. நிறுவினாலும் அவள் அம்மாவின் போனில் அது ஓடாது.

பிரவுசரில் முயன்றோம். ஓகாமலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தர ஜேஎஸ் ஆஃப் ஓகாமல் என்ற கருவி இருக்கிறது. பக்கத்தை மட்டும் புதிதாக எழுதினோம். தமிழ் துல்லியமாக வந்தது. போனிலும் ஓடியது. கட்-ஆஃப் கோப்பில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அங்கேதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்: “அதுக்கு எங்க ஓடுதுன்னே தெரியாதா தாத்தா?”

தெரியாதும்மா. தெரிந்திருந்தால் 2019-இல் நடந்தது மறுபடியும் நடக்கும்.

எது நல்லது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் கட்சி இதுதான்: எனக்கு மட்டும் என்றால் விண்டோ. பிரவுசரைத் திறந்தாலே என் பெட்டி பெருமூச்சு விடுகிறது, ஆலை அரவைக் காலத்து லாரி மாதிரி. நாலு பேருக்குக் கொடுப்பதென்றால் வலைப்பக்கம். நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மச்சான் கேட்டார். சர்வரில் வைக்கவே இல்லை, கணினியிலேயே கோப்பாக இருக்கிறது. கரண்ட் கம்பியோடு டவரும் படுத்த அன்றைக்கும் லேப்டாப் பேட்டரியில் திறந்தது.

கடைசியாக அவளிடம் மூன்று எண்களைக் கொடுத்து இரண்டிலும் போடச் சொன்னேன். 98, 94, 96. விண்டோவில் 193. பக்கத்தில் 193. “யாரோட மார்க் தாத்தா?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிரிண்ட் பட்டன் எங்கே வைக்கலாம் என்று கேட்டாள்.

கோப்பு வேண்டுகிறவர்கள் கீழே சொல்லுங்கள், அனுப்புகிறேன். 2019 தாள் யாரிடமாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.